மறுமொழி: தப்புக்குறியா, காப்புக்குறியா? (காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில், ஓர் எழுத்தின் வழக்கமான வேலையை நிறுத்தும் 'escape' குறிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்; escape என்றால் தப்பித்தல்.)

> 'தப்புக்குறி' என்றே வைத்துவிடலாமே? மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

அண்ணா, கொழும்பில் இருந்து பார்த்தால் நேராகத்தான் இருக்கும். இங்கே ஹட்டன் பக்கம் தப்பு என்றால் முதலில் மேளம், அப்புறம் பிழை. போன சனிக்கிழமை வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும், "எந்த வரியில தப்பு சேர்?" என்று ஒரு பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் எனக்குள்ள சிக்கல் வேறு. இந்தக் குறியைப் போட்டால் எதுவும் தப்பி ஓடுவதில்லை. அன்று நாங்கள் நிரலாக எழுதியது செக்ரோல் கணக்கு, அதாவது தோட்டத்து வேலைப் பதிவு. அரைப்பேருக்கு (அரைநாள் சம்பளத்துக்கு) ஒரு பையன் 1/2 என்றே பெயர் வைத்தான். அவன் அம்மா கொப்பியில் குறிப்பது அப்படித்தானாம். காமன் லிஸ்ப்புக்கு அது பெயர் அல்ல, அரை என்ற எண். |1/2| என்று இரண்டு கோட்டுக்குள் வைத்ததும் பெயராகிவிட்டது. |7ஆம் நம்பர் மலை| என்ற தோட்டப் பகுதியின் பெயரும் அப்படியே. இடைவெளி வழக்கமாகப் பெயரை வெட்டிவிடும். கோட்டுக்குள் அந்த வேலையைச் செய்யாது. ஒரே ஓர் எழுத்தைத்தான் அடக்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் \ போதும்: நம்பர்\ 7. (கோட்டுக்குள் abc சின்ன எழுத்தாகவே நிற்கும், வெளியே ABC ஆகிவிடும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை.)

ஆக, எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது, வழக்கமான வேலையை மட்டும் விட்டுவிடுகிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் மாதிரி. அதனால்தான் 'காப்புக்குறி' என்கிறேன். \ என்பது ஒற்றைக்காப்பு, | | என்பது இணைக்காப்பு. வினையும் சுலபமாகக் கிடைக்கிறது: காப்பிடு, காப்பிட்ட பெயர். 'தப்பிய பெயர்' என்று சொல்லிப் பாருங்கள், பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது.

> பாதுகாப்பு என்று குழம்ப மாட்டார்களா?

கொஞ்சம் குழம்பலாம். கடவுச்சொல் பாடத்தையும் இதையும் ஒரே கிழமையில் வைக்காமல் விட்டால் சரி.

ஒன்றை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள். கொழுந்து என்பதில் வரும் 'ொ' ஒரே குறியீடாகவும் வரலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், இயல்பாக்கம் (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக மாற்றுவது) செய்யாத லிஸ்ப்பில் இரண்டும் வேறு வேறு பெயர்கள். காப்பிட்டாலும் அது தீராது. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

'இணைக்காப்பு' யாருக்காவது நாக்கில் நிற்கவில்லை என்றால் சொல்லுங்கள், அதை மட்டும் மாற்றலாம்.