மறு: ஸ்வீடனின் ‘ப்ராக்’ இசைக்குத் தமிழில் ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 1970களின் ஸ்வீடன் இசைத்தட்டுகள் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ‘முற்போக்கு ராக்’ என்று தலைப்புக் கொடுத்து கைப்பா, ஹூலா பந்தூலா பேண்ட், கெப்னெகாய்செ மூன்று குழுக்களையும் அதன்கீழ் போட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை, தங்கச்சி. மூன்றும் ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில் வந்தவை. அதைத் தாண்டி இவற்றை ஒரே பெட்டியில் அடைக்கக் காரணம் எதுவும் இல்லை. சேகரிப்பாளர்களே தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ப்ராக் என்றால் ப்ரோக்ரசிவ் ராக். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் குழுக்கள் வகையறா. நீண்ட பாட்டுகள், அடிக்கடி மாறும் தாளம், மெல்லோட்ரான் என்ற நாடாக் கீபோர்டின் ஒலி. ஸ்வீடிஷில் கடைசி எழுத்தை இரட்டித்து எழுதும் ‘ப்ராக்’ வேறு சங்கதி. அது ஒரு பாணிக்குப் பெயரே இல்லை. 1970 ஜூனில் ஸ்டாக்ஹோமின் யேர்தெட் திடலில் அனுமதி வாங்காமல், நுழைவுச்சீட்டு இல்லாமல் ஒரு விழா நடத்தினார்களே, அந்தக் கூட்டத்துக்கும் அதைச் சுற்றி எழுந்த இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் மேடைகளுக்கும் பத்திரிகைக்கும் சேர்த்து விழுந்த பெயர். மேடையில் என்ன வாசித்தார்கள் என்பதில் ஒற்றுமை கிடையாது. பெரிய கம்பெனிகளை நம்பக்கூடாது, யாரும் வாசிக்கலாம், சொந்த மொழியில் பாடலாம் என்பதில்தான் ஒற்றுமை.

இதை வைத்து உங்கள் மூவரைப் பாருங்கள். கைப்பாவின் முதல் தட்டு 1975இல் டெக்கா பெயரில் வந்தது. ஸ்வீடிஷில் பாடுகிறார்கள், உண்மை. ஆனால் கீபோர்டும் கிதாரும் அடுக்கடுக்காக விரியும் அந்த இசை ஜெனிசிஸ் கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும். ஆங்கிலப் பொருளில் ப்ராக், ஸ்வீடிஷ் பொருளில் இல்லை. ஹூலா பந்தூலா நேரெதிர். மால்மோ நகரத்துக் குழு, மிக்கேல் வீஹேயும் பியோர்ன் அஃப்சேலியஸும் பாட்டெழுதிப் பாடினார்கள். 1972இல் வந்த ‘யாரை நம்புவது?’ என்ற தட்டை ஓடவிட்டுப் பாருங்கள். சுருக்கமான, கூடவே பாடக்கூடிய மெட்டுகள். தாள வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் 1975இல் சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சியிலிருந்த சிலியின் டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பைக்காக போஸ்டாட் ஊருக்கு வந்தபோது ‘மேட்சை நிறுத்து’ என்று பாட்டுப் போட்டவர்கள் இவர்கள்தான். ஸ்வீடிஷ் ப்ராக்கின் முகம் என்று யாரையாவது காட்டச் சொன்னால் இவர்களைத்தான் காட்டுவார்கள். ஆங்கிலப் பொருளில் இவர்கள் ப்ராக்கே இல்லை.

கெப்னெகாய்செ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

> அப்படியானால் ‘ப்ராக்’ என்றே ஒலிபெயர்த்துவிடலாமே? எதற்கு வீண் வேலை?

ஒலிபெயர்ப்புக்கு நான் விரோதி அல்ல. கிதாருக்கு யாரும் தமிழ் கேட்பதில்லை. ஆனால் இங்கே அது வேலைக்கு ஆகாது. ஸ்வீடன்காரர்கள் இரண்டையும் பிரித்துக்காட்ட எழுத்தை இரட்டிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும். போதாக்குறைக்கு, தலைப்பில் ‘ப்ராக்’ என்று பார்த்தால் பாதிப் பேர் செக் நாட்டுத் தலைநகரைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துக்கொள்வார்கள்.

> ஸ்வீடிஷிலேயே ‘இசை இயக்கம்’ என்ற பொருளில் ஒரு சொல் உண்டு என்று படித்தேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உண்டு. மூசிக்ரோரெல்சன். உள்ளே இருந்தவர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட பெயர் அது. பொருளும் கச்சிதம். ஆனால் தமிழில் ‘இசை இயக்கம்’ என்று எழுதினால் இசையை இயக்கியவர் யார் என்று கேட்பார்கள், சினிமா டைட்டில் கார்டு அவ்வளவு தூரம் பழக்கிவிட்டது. சற்று வாசித்தவர்களுக்கு 1940களின் தமிழிசை இயக்கம் நினைவுக்கு வரும். திருப்பிப் போட்டு ‘இயக்க இசை’ என்றால்? அதற்கு யாழ்ப்பாணத்து அண்ணா ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார்:

> எங்கட பக்கம் ‘இயக்கப் பாட்டு’ எண்டால் ஆயுதம் தூக்கின இயக்கங்களின்ர பாட்டுத்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தயவுசெய்து அந்தச் சொல்லை ஸ்வீடனுக்கு அனுப்பாதையுங்கோ.

இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஸ்வீடிஷ் ப்ராக்குக்கு ‘முற்போக்கிசை’. ஆங்கில ப்ராக்குக்கு ‘முற்போக்கு’ என்ற சொல்லை இனி பயன்படுத்தவே வேண்டாம்.

முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆங்கிலத்தில் ‘ப்ரோக்ரசிவ்’ என்று ராக் இசைக்குத்தானே பேர், அதை விட்டுவிட்டு இதற்கு எப்படி? தமிழில் முற்போக்கு என்ற சொல் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். முற்போக்கு எழுத்தாளர், முற்போக்குக் கூட்டணி, முற்போக்குச் சிந்தனை. எல்லாமே இடதுசாரிப் பக்கம், சமூகநீதிப் பக்கம். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கியது 1975இல். அதே ஆண்டில்தான் ஸ்டாக்ஹோமில் ‘மாற்று விழா’ நடந்தது. முந்தைய ஆண்டு ‘அப்பா’ (ABBA) என்ற ஸ்வீடன் பாப் குழு யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றதால் அந்த ஆண்டுப் போட்டியை ஸ்வீடன் நடத்த வேண்டியதாயிற்று. பாட்டை வியாபாரப் பண்டமாக்கும் போட்டிக்கு எதிராக இவர்கள் தனி விழா எடுத்தார்கள். அடுத்த ஆண்டு போட்டியில் ஸ்வீடன் கலந்துகொள்ளவே இல்லை. இந்தக் கூட்டத்தை முற்போக்கு என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு விளக்கவுரை தேவைப்படாது. மாறாக, யெஸ் குழுவை ‘முற்போக்கு ராக்’ என்று எழுதினால், மேலங்கி போட்டுக்கொண்டு சின்தசைசர் வாசித்த ரிக் வேக்மன் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசினாரோ என்று சந்தேகம் வரும்.

> பாட்டில் அரசியலே இல்லாதவர்கள்? போ ஹான்சன் தட்டில் வார்த்தையே கிடையாது. அதையும் முற்போக்கிசை என்பீர்களா?

நல்ல கேள்வி. இந்த விவாதத்தில் உண்மையான சிக்கல் இதுதான். போ ஹான்சன் டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலை வைத்து ஆர்கனில் செய்த தட்டை 1970இல் சைலன்ஸ் என்ற ஸ்வீடன் கம்பெனி வெளியிட்டது. முழுக்க வாத்திய இசை. 1972இல் இங்கிலாந்தில் ஜெனிசிஸின் கம்பெனியான காரிஸ்மா அதையே வெளியிட்டது. ஆகவே லண்டன்காரர்களுக்கு அது ஆங்கில ப்ராக், ஸ்டாக்ஹோம்காரர்களுக்கு சைலன்ஸ் கம்பெனியின் தட்டு. ஒரே இசை, இரண்டு அலமாரி. இதேபோல ட்ரேட், க்ரேஸ் ஒக் ஸ்தேனர் என்ற குழு. ‘மரம், புல், கல்’ என்று பொருள், நல்ல பெயர். அதற்கு முன் பெர்ஷன் சவுண்ட் என்றும் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்றும் பெயர் மாற்றிக்கொண்டே வந்தவர்கள். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக, நிறுத்தாமல் வாசிப்பார்கள். கேட்க வந்தவர்களும் சேர்ந்து தட்டலாம், ஊதலாம். இதில் முழக்கம் எங்கே இருக்கிறது?

பாட்டுக்குள் தேடினால் கிடைக்காது. தட்டு எப்படி வந்தது என்று தேட வேண்டும். சைலன்ஸ், வாக்ஸ்ஹோம் ஊரில் தொடங்கிய எம்.என்.டபிள்யூ., யோத்தெபோரியின் நாக்ஸ்விங் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே தாங்களே பதிவுசெய்து, விநியோகத்தையும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டவை. பாடும் இடங்களுக்காக 1974இல் ஒரு கூட்டமைப்பு, பேசுவதற்கு ‘இசையின் ஆற்றல்’ என்று பொருள்படும் ஒரு பத்திரிகை. இந்த ஏற்பாட்டுக்குள் இருந்ததால்தான் வார்த்தையில்லாத ஆர்கன் தட்டும் முற்போக்கிசை ஆகிறது. ஆகவே வரையறையில் ‘அரசியல் பாடல்கள்’ என்று போடாதீர்கள். போட்டால் பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள், அதுவும் நல்ல பாதி.

இப்போது கெப்னெகாய்செ. நாட்டின் மிக உயரமான மலையின் பெயர். 1973இல் வந்த இரண்டாவது தட்டில்தான் நாட்டார் மெட்டுகளை மின்கிதாரில் எடுத்தார்கள். அதில் ஹோர்கலோத்தன் என்று ஒன்று, கேட்காதவர்கள் இன்றைக்கே கேளுங்கள். ஹெல்சிங்லாந்து வட்டாரத்து மெட்டு அது. சாத்தான் பிடில்காரனாக வந்து ஊர் இளவட்டங்களை ஆடவைத்து, மலைமேல் இட்டுச்சென்று, எலும்பு தேயும்வரை ஆடவிட்டான் என்று கதை. கென்னி ஹோகன்சனும் மற்றவர்களும் கிதார்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிக்கிறார்கள். ராக் கிதார் என்றால் ஒருவர் முன்னே வந்து தனி ஆவர்த்தனம் காட்டுவார் என்று எதிர்பார்ப்போம். இங்கே கிராமத்துப் பிடில்காரர்கள் கூட்டமாக நின்று வாசிக்கும் முறையே அப்படியே மின்சாரத்துக்கு மாறியிருக்கிறது. தாளமும் கவனிக்க வேண்டியது. பொல்ஸ்கா என்ற ஆட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை. ஆனால் வால்ட்ஸ் மாதிரி முதல் அடியில் மட்டும் அழுத்தம் விழாது. காலால் தட்டுகிறவர்கள் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள், நடு அடி காற்றில் நிற்கும். சில வட்டாரங்களில் மூன்று அடிகளும் ஒரே நீளம்கூட இல்லை. மெட்ரோனோம் வைத்துக் கற்றவர்கள் திண்டாடுவார்கள்.

இதற்கு ‘நாட்டார் ராக்’ போதும், புதுச்சொல் வேண்டாம். ‘நாட்டுப்புற’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு நாட்டார்தான் பிடிக்கும், புறத்தில் எதற்கு நிறுத்த வேண்டும்? ஆனால் நாட்டார் மெட்டு எடுத்தவர் எல்லாரும் முற்போக்கிசை என்று எழுதிவிடாதீர்கள். யான் யோஹான்சன் 1964இலேயே பழைய மெட்டுகளைப் பியானோவும் பாஸும் மட்டும் வைத்து ஜாஸாக வாசித்துவிட்டார், இயக்கமெல்லாம் பிறப்பதற்கு முன்பே. மெரிட் ஹெம்மிங்சன் 1971இல் அவற்றை ஹாமண்ட் ஆர்கனுக்குக் கொண்டுவந்தார், அது ஆட்டம் போடவைக்கிற தட்டு.

> ஸ்வீடனின் நாட்டார் கருவி நிக்கெல்ஹார்பாவுக்கு ‘திறவி யாழ்’ எப்படி?

அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு. பெயரில் ஹார்ப் இருந்தாலும் அதை மீட்டுவதில்லை, வில்லால் இழைக்கிறார்கள். இடது கை மரச்சாவிகளை அழுத்தும், அவை தந்தியில் முட்டி சுரத்தை மாற்றும். யாழ் என்று எழுதினால் வாசகர் மடியில் வைத்து மீட்டும் கருவியைத்தான் மனதில் வரைவார். நிக்கெல்ஹார்பா என்றே இருக்கட்டும். முதல் தடவை மட்டும் ‘சாவிகள் கொண்ட பிடில் வகை’ என்று சேருங்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் தரும் வரி:

முற்போக்கிசை: 1970களின் ஸ்வீடனில் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே, இடதுசாரி மனப்பாங்கோடு, தங்கள் சொந்தத் தயாரிப்பிலும் விநியோகத்திலும் வளர்ந்த இசை. ராக், நாட்டார் இசை, ஜாஸ், நாடகப் பாட்டு எதுவாகவும் இருக்கலாம். ப்ரோக்ரசிவ் ராக் வேறு.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

* * *

தம்பிக்கு,

முற்போக்கிசை எனக்கும் சம்மதம். ஒரு சின்ன விசயம். எங்கட நாட்டில முற்போக்கு எண்ட சொல்லுக்கு எதிராக எழுத்தாளர் எஸ்.பொ. ‘நற்போக்கு’ எண்டு ஒண்டைக் கிளப்பினவர். ஆங்கில ப்ராக்குக்கு ஒரு பேர் வேணுமெண்டால் அது சும்மாதான் கிடக்குது!

பகிடி இருக்கட்டும். ஸ்வீடன்காரர் கைப்பா மாதிரி ஆக்களை ‘சிம்பொனி ராக்’ எண்டும் சொல்லுவினம். அதையே எடுத்தால் என்ன? சிம்பொனி எண்டால் என்னவெண்டு இளையராஜாவால சனத்துக்கு இப்ப தெரியும். அத்தோட சம்லா மம்மாஸ் மன்னா எண்ட ஸ்வீடன் குழுவை எங்கே வைக்கப்போறியள்? 1978இல லண்டனில ஹென்றி கவ் எண்ட ஆங்கிலேயக் குழுவோட சேர்ந்து ‘எதிர்ப்பில் ராக்’ மேடையில ஏறின ஆக்கள். தாளமும் கோணல்மாணல், கொள்கையும் உண்டு.

* * *

அண்ணா,

சம்லாவை இரண்டிலும் வைக்கலாம், தப்பில்லை. உப்சாலாவில் லார்ஸ் ஹோல்மர் அக்கார்டியனை வைத்துக்கொண்டு செய்த வேலையை ஒரே பெட்டியில் அடைக்க அவரே விட்டிருக்கமாட்டார். 1973இல் வந்த தட்டுக்கு ‘சாப்பாடு’ என்று பெயர் வைத்த ஆள்கள், கொள்கை முழக்கத்தைக் கேலியோடுதான் கலந்தார்கள்.

சிம்பொனி ராக் கைப்பாவுக்குப் பொருந்தும். கிங் கிரிம்சனின் முரட்டுத் தட்டுகளுக்குப் பொருந்தாது. ஆகவே அதை உட்பிரிவாக வைத்துக்கொண்டு, மேல் தலைப்பை ப்ரோக்ரசிவ் ராக் என்றே விடலாம். நற்போக்கு ராக் வேண்டாம், எஸ்.பொ. இருந்திருந்தால் அவரே சண்டைக்கு வந்திருப்பார்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்வீடனில் குடியேறிய அமெரிக்க ஜாஸ் கலைஞர் டான் செரியின் 1970களின் தொடக்கத்துத் தட்டொன்றில் மிருதங்கம் கேட்கும். வாசித்தவர் பெங்ட் பெர்கர், ஆர்பேதெ ஒக் ஃப்ரீதீத் குழுவிலும் இருந்த ஸ்வீடன்காரர். கட்டுரையில் ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் அதை வைத்து ‘தமிழர் தாக்கம்’ என்று தனித் தலைப்புப் போட வேண்டாம்.

தங்கச்சி, கைப்பாவை ‘சிம்பொனி ராக்’ பத்திக்கு மாற்றிவிட்டு, தலைப்பைத் திருத்தியதும் சுட்டி அனுப்புங்கள். குழுக்களின் பெயர் எழுத்துக்கூட்டலை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.