மாட்டை அடிக்கும் காட்சியை எவ்வளவு எழுதலாம்?

மோல்மீன் வாசகி:
வணக்கம். பர்மாவில் பெகு பக்கம் நெல் வண்டி ஓட்டிய என் தாத்தாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மழைக்காலச் சேற்றில் வண்டி அச்சு வரை இறங்கிவிடுகிறது. தார்க்குச்சியால் இடத்து மாட்டைக் குத்துகிறார், வாலை முறுக்கிக் கடிக்கிறார். மாடு முன்னங்கால்களை மடக்கிப் படுத்துவிடுகிறது. இதை மட்டுமே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். படித்த தோழி, "வயிற்றைப் பிசைகிறது, ஒரு வரி போதும்" என்கிறாள்.

வெட்ட மனம் வரவில்லை. எங்கள் மோல்மீனில் நடப்பதாக ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1936இல் வெளிவந்த 'யானையைச் சுடுதல்' கட்டுரை நினைவுக்கு வருகிறது. மூன்றாவது குண்டில் யானை விழுகிறது. மேலும் மேலும் சுட்டும் மூச்சு நிற்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் சுட்டவரே போய்விடுகிறார். உயிர் போக அரை மணி நேரம் ஆனதாகப் பிறகு கேள்விப்படுகிறார். "யானை செத்தது" என்று முடித்திருந்தால் நான் என்றோ மறந்திருப்பேன்.

யாங்கோன் பெரியவர்:
எழுதம்மா, வெட்டாதே. தொடர்கதைகளில் வில்லன் கொடியவன் என்று காட்ட ஒரு நாயைக் கொல்வார்கள். அடுத்த வாரம் அந்த நாயை யாரும் நினைப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். ஆர்வெல் ஏன் சுட்டார்? பின்னால் திரண்ட கூட்டம் சிரித்துவிடுமோ என்ற பயத்தில். அதை அவரே ஒப்புக்கொள்கிறார். உன் தாத்தா ஏன் குத்தினார்? வண்டியில் இருந்தது யாருடைய நெல்?

தட்டோன் ஆசிரியர்:
சகோதரி, அந்த யானை மிதித்துக் கொன்ற மனிதனை மறந்துவிடாதீர்கள். திராவிடக் கூலியாள் என்று மட்டும் எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. முதுகுத் தோல் உரிந்து சேற்றில் கிடக்கிறான். நம் முன்னோரில் ஒருவனாகவும் இருக்கலாம். யானையின் மூச்சை அவ்வளவு நேரம் கேட்ட எழுத்து, இவனைச் சில வரிகளில் கடந்துவிடுகிறது. அவன் செத்ததால்தான் யானையைச் சுட்டது சட்டப்படி சரியாயிற்று என்று மகிழ்ந்ததாகவும் வருகிறது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும். தாத்தாவின் கால்விரல் இடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணும் கதைக்குள் வரட்டும்.

மோல்மீன் வாசகி:
ஐயா, நெல் நிலக்காரருடையது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வாராம். இன்னொன்றையும் நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். இரவில் தாத்தா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து, நுகப்புண்ணிலும் தாம் குத்திய இடத்திலும் தடவுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தாத்தாவை நல்லவராக்கச் சேர்த்தது போலாகிவிடுமோ என்று தயங்கினேன். அவர் கை கிட்டே வந்தபோது மாடு அசையாமல் நின்றதா, தலையை இழுத்துக்கொண்டதா? இன்று இரவு அம்மாவிடம் கேட்டுவிட்டு அந்த இடத்தை எழுதுகிறேன்.