வடக்கு ஜன்னல் மேஜையில் எந்த சக்குலென்ட் பிழைக்கும்?

நிழல்வாசி:
சென்னையில் இரண்டாவது மாடி வீடு. இருக்கிற ஒரே ஜன்னல் வடக்குப் பார்த்தது, ஆறடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. தை மாதம் நர்சரியிலிருந்து ரோஜாப்பூ மாதிரி இருக்கிற எச்சிவீரியா (தடித்த இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும் சக்குலென்ட் செடிகளில் ஒன்று) மூன்று வாங்கி ஜன்னலோர மேஜையில் வைத்தேன். இரண்டு முளைக்கீரைத் தண்டு போல நீண்டுவிட்டன, இலைக்கும் இலைக்கும் நடுவே அரை விரல் இடைவெளி. மூன்றாவது அடியில் கொழகொழவென்று அழுகிப் போனது. வாரம் ஒருமுறைதான் தண்ணீர் விட்டேன், சத்தியமாக. நிழலைத் தாங்குகிற, உள்ளங்கை அளவுள்ள சக்குலென்ட் ஏதாவது உண்டா? வீட்டில் பூனை இருக்கிறது, எதையும் கடித்துப் பார்க்கும்.

செம்மண்:
எச்சிவீரியா வெயில் குடித்து வளர்கிற செடி, வெளிச்சம் தேடித்தான் இப்படி நீள்கிறது. நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. உங்கள் இடத்துக்கு ஹவோர்த்தியா வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் புதர் அடியிலும் பாறை இடுக்கிலும் வளர்கிறது, அதனால் அரை நிழல் அதற்குப் பழக்கம். வெள்ளைக் கோடு போட்ட வரிக்குதிரை ரகம் எளிதில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது ஹவோர்த்தியாவிலேயே கூப்பெரி என்ற வகை. அதன் இலை நுனி கண்ணாடி மாதிரி இருக்கும், சொந்த ஊரில் உடம்பை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு அந்த நுனி வழியாகத்தான் வெளிச்சத்தை உள்ளே இழுக்கிறது. ஹவோர்த்தியாவுக்குச் சொந்தமான கேஸ்டீரியாவும் சரிவரும். ஆனால் நிழல் வேறு, இருட்டு வேறு. நண்பகலில் விளக்குப் போடாமல் அந்த மேஜையில் பேப்பர் படிக்க முடியாவிட்டால் எந்தச் செடியும் வேண்டாம்.

மொட்டைமாடி அக்கா:
வாரம் ஒருமுறைதான் என்கிறீர்களே, அந்த "தான்" தான் பிரச்சினை! நிழலில் மண் காயவே காயாது. நாள் கணக்கை விட்டுவிட்டு, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி எடுத்து அடிவரை குத்தி உருவுங்கள், மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். ஐப்பசி அடைமழையில் நான் மூன்று வாரம் தொடவே இல்லை, ஒன்றும் ஆகவில்லை. நர்சரி மண்ணைப் பெரும்பாலும் உதறிவிட்டு பாதிக்குப் பாதி பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும் வெள்ளை, லேசான பொரிக்கல்) செங்கல் ஜல்லித் துண்டோ கலந்து சின்ன மண்தொட்டியில் வையுங்கள். அடியில் ஓட்டை இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கிறார்களே, அழகுதான், வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் ஹவோர்த்தியா வளராமல் சும்மா நிற்கும், வாடுகிறதே என்று அப்போது ஊற்றினால் அவ்வளவுதான்.

பாம்புச்செடி:
நான் ஹானி ரகத்தைச் சொல்ல வந்தேன், குட்டைப் பாம்புச்செடி, நம் ஊர் மருளுக்குச் சொந்தக்காரன், இவை எல்லாவற்றையும் விட நிழல் தாங்கும். ஆனால் பூனை கடித்தால் வாந்தி எடுக்கும், அதனால் உங்களுக்கு வேண்டாம். ஹவோர்த்தியா பூனைக்கு விஷமில்லை. இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் மாவுப்பூச்சி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

நிழல்வாசி:
பேப்பர் படிக்க முடிகிறது, விளம்பரத்தின் பொடி எழுத்து உட்பட. ஞாயிற்றுக்கிழமை வரிக்குதிரை வாங்கப் போகிறேன். மிச்சமிருக்கிற இரண்டு எச்சிவீரியாவையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகலாமா?

மொட்டைமாடி அக்கா:
நேராக வெயிலில் வைத்தால் ஒரே நாளில் இலை கருகும். முதலில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு வாரம், அப்புறம் காலை வெயில் மட்டும். தலையை வெட்டி, வெட்டு காய நாலைந்து நாள் விட்டு நட்டால் புது வேர் விடும். அடித்தண்டை எறியாதீர்கள், அதிலும் குட்டி வரும்.