புதுப்பிப்பு: பிளஸ் டூ உயிரியலுக்கு எதைத் திருப்பிப் படிப்பது?

அரையாண்டுத் தேர்வுக்குப் பத்தே நாள், கைடா பாடநூலா என்று தங்கைக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடைத்தாள் வந்துவிட்டது: 70க்கு 61.

பாடநூலின் பின்பக்க வினாக்களை முதலில் முடி என்ற யோசனைதான் கைகொடுத்தது. தாவரவியல் 35, விலங்கியல் 35 என்பதால் நாள்மாற்றி நாள் படித்தாள். சூலின் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறித்துப் பழகினாள். அதுவே ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்தது. பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியான லாக் ஓபரானும் அப்படியே.

எதிர்பாராதது, ஒரு மதிப்பெண் வினாக்களில் மூன்று வினாக்கள் பாடத்தின் நடுவிலிருந்து வந்தன, அதிலும் ஒன்று பெட்டிச் செய்தியிலிருந்து. அதைக் கைடில் தேடினோம், இல்லை. அப்புறம், விலங்கியலிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு தாவரவியலில் ஒரு மூன்று மதிப்பெண் வினாவை விட்டுவிட்டாள். அடுத்த முறை கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கப்போகிறாள்.