லேவியராகமத்தைத் தாண்டிய வருஷம்

சகோதரி, சென்னை (சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் நர்ஸ். வருஷத்துக்குள் வேதாகமத்தை முழுதும் வாசிக்க முயன்ற கதையைச் சொல்கிறேன். புது வருஷம் பிறக்கும் இரவின் வாட்ச்நைட் ஆராதனை முடிந்து, வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வந்ததும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறப்பது என் வழக்கம். வேதாகமத்தில் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) சொல்லிக்கொடுத்த கணக்கு இது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆகவே ஜனவரி கடைசி வாரத்தில் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வந்துவிடும். யாத்திராகமத்தில் வரும் ஆசரிப்புக் கூடாரத்தின் (வழிபாட்டுக் கூடாரம்) அளவுகளிலேயே என் வேகம் குறைந்திருக்கும். சர்வாங்க தகனபலி, போஜனபலி என்று பலிமுறைகள் தொடங்கும்போது நைட் டூட்டியும் சேர்ந்துகொள்ளும். நாலு நாள் விட்டால் 12 அதிகாரம் பாக்கி. பத்து நாள் விட்டால் முப்பதுக்கு மேல். பிறகு வேதாகமத்தைப் பார்த்தாலே கடன் கொடுத்தவரை எதிரில் பார்த்த மாதிரி இருக்கும். ஆறு வருஷம் லேவியராகமத்தைத் தாண்டவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிப் பெரிய எழுத்து வேதாகமமும் தெரியாமல் போனது. “போன்ல வாசிச்சுக் காட்டுளா” என்றார்கள். காலை ஐந்தரைக்கு, டூட்டி இருந்தால் இரவு சாப்பாட்டுக்கு முன். இடையில் மூன்று நாள் என்னால் கூப்பிட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒன்பது அதிகாரம் பாக்கி இருக்கிறது என்றேன். அம்மாவுக்கு அந்தக் கணக்கே விளங்கவில்லை. “அன்னைக்கு எங்கன நிப்பாட்டுன? அங்கன இருந்து வாசி.” அவ்வளவுதான். அன்றிலிருந்து தேதி போட்ட அட்டவணையை எடுத்துவிட்டு ஒரு நூலிழையை அடையாளமாக வைத்திருக்கிறேன்.

லேவியராகமம் 19 வந்தது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திக்கிடக்கிற கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கு விட்டுவிடு என்கிற இடம். அம்மா பேசவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னார்கள்: “நாங்களும் கதிர் பொறுக்கிருக்கோம்ளா. அறுப்பு முடிஞ்சதும் எங்கம்மா எங்கள வயலுக்குக் கூட்டிட்டுப் போவா. சில வயக்காரர் விரட்டுவாங்க. ஒருத்தர் மட்டும் வேணும்னே தாளை உதறி விட்டுட்டுப் போவாரு.” நாற்பது வயதுவரை இது எனக்குத் தெரியாது. வறண்ட புத்தகம் என்று ஒதுக்கிய லேவியராகமத்தில்தான் என் ஆச்சி பசியோடு கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை இப்போது வேறு கண்ணோடு வாசிக்கிறேன்.

சகோதரர், கோயம்புத்தூர் (லேத் பட்டறை):

அக்கா, எனக்குத் தேதிதான் கைகொடுத்தது. பழைய ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் (வேதாகமத்தின் ஜெபப் பாடல்கள்) காலை, மாலை என்று 30 நாளுக்குப் பிரித்திருப்பார்கள். இன்றைக்கு என்ன தேதியோ அந்தத் தேதிக்குப் பிரித்த சங்கீதங்கள். நேற்று விட்டது அடுத்த மாதம் திரும்ப வரும், அதனால் பாக்கி என்பதே கிடையாது. பட்டறையில் மெஷினைப் போடுவதற்கு முன் நின்றபடியே வாசித்துவிடுவேன். போனில் வாசித்தபோது ஆர்டர் மெசேஜ் வந்து இழுத்துக்கொண்டு போனது. இப்போது காகிதப் புத்தகம், அட்டையெல்லாம் கிரீஸ்.

தம்பி இறந்த மாதம் 17ஆம் தேதி காலை 88ஆம் சங்கீதம் வந்தது. கடைசிவரை ஆறுதலே வராத சங்கீதம். சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போனதோடு முடிந்துவிடும். நானாகத் தேடியிருந்தால் ஆறுதல் சொல்கிற 23ஐயோ 121ஐயோதான் எடுத்திருப்பேன். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தேறுதல் சொன்னார்கள். தேறாதவனுக்கும் வேதத்தில் ஒரு ஜெபம் எழுதி வைத்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். சத்தமாக வாசித்தேன், அழுதேன்.

ஒரு தாய், நாகப்பட்டினம்:

நாங்கள் கத்தோலிக்கர். திருப்பலி வாசகங்களையே வீட்டிலும் வாசிக்கிறோம். ஞாயிறு வாசகங்களுக்கு மூன்றாண்டுச் சுழற்சி. பொதுக்காலத்து (தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வாரநாள்களில் முதல் வாசகம் ஈராண்டுக்கு ஒருமுறை திரும்பும், நற்செய்தி ஆண்டுதோறும் அதே வரிசையில் வரும். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். அங்கேயும் அன்றைக்கு அதே நற்செய்திதான். இரவு பேசும்போது “சாப்பிட்டியா?” என்று கேட்டபிறகு எங்களுக்குப் பேச எதுவும் இருக்காது. இப்போது, “இன்னைக்கு அந்த மூத்த மகன் கோவிச்சுக்கிட்டது நியாயந்தானம்மா?” என்று அவனே ஆரம்பிக்கிறான். ஊதாரி மைந்தன் உவமையில், சொத்தை அழித்துத் திரும்பி வந்து அப்பாவிடம் விருந்து பெற்ற தம்பியைப் பற்றியே கேட்டுப் பழகிய எனக்கு, என் மூத்த பிள்ளை யார் பக்கம் நிற்கிறான் என்று புரிந்தது. அன்று இரவு வெகுநேரம் பேசினோம்.

சகோதரி, சென்னை:

கோயம்புத்தூர் தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக்கு 88ஆம் சங்கீதத்தை வாசி என்றார்கள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நூலிழையை, லேவியராகமத்துக்கு அடுத்த புத்தகமான எண்ணாகமம் 11இல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.