மார்க் டல்லி நம்மாளா, வெள்ளைக்காரரா?

சிற்றலை:
அந்தக் காலத்துல எங்கப்பாவுக்கு ராத்திரி 9.15க்கு ரேடியோவுல பிபிசி தமிழோசை கேட்டாகணும். சோறெல்லாம் அப்புறம்தான். செய்தியில பிபிசியோட டெல்லி நிருபர் மார்க் டல்லி பேரு வந்தா ரேடியோவைக் காதுகிட்ட தூக்கிப்பார். நேத்து ஒரு குழுவுல ஒருத்தர், "அந்த வெள்ளைக்கார நிருபர் நம்மளப் பத்தி என்னத்தக் கண்டார்"னு எழுதியிருந்தார். மனசு கேக்கல. டல்லி 1935ல கல்கத்தாவுல பிறந்தவர். பாக்கப்போனா பிபிசிக்குத்தான் அவர் வெளிநாட்டுல பிறந்த நிருபர், நமக்கில்ல.

சுடுகஞ்சி:
அந்த ஒருத்தர் நான்தான். 🙂 கல்கத்தாவுல பிறந்தா ஆச்சா? அப்பா பெரிய பிரிட்டிஷ் கம்பெனியில பங்குதாரர். குழந்தையைப் பாத்துக்க இங்கிலாந்து ஆயா. கார் டிரைவர்கிட்ட பையன் ஒண்ணு, ரெண்டு எண்ணக் கத்துக்கிட்டதுக்கு, "அது வேலைக்காரங்க பாஷை, உன் பாஷை இல்ல"னு ஆயா மண்டையில ஒண்ணு போட்டாங்களாம். அவரே பேட்டிகள்ல சொன்னது. ஒம்பது வயசுல இங்கிலாந்து, அப்புறம் கேம்பிரிட்ஜ். பாதிரியார் ஆகப் போய் அதையும் பாதியில விட்டார். 1965ல பிபிசி நிர்வாக வேலைக்கு டெல்லி வந்தார். இதுல நம்மாள் எங்க வந்தாரு?

சிற்றலை:
மண்டையில வாங்கின அதே பையன்தான் பின்னாடி ஊர் ஊராப் போய் இந்தியில பேட்டி எடுத்தார். எமர்ஜென்சியில தணிக்கைக்குக் கட்டுப்படுறேன்னு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். நாட்டை விட்டே அனுப்பினாங்க. 1977ல திரும்பி வந்துட்டார். இந்திரா காந்தி இறந்ததை ஆகாசவாணிக்குப் பல மணி நேரம் முன்னாடியே சொன்னதும் அவர்தான்.

பழையபேப்பர்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். 1984 அக்டோபர் 31 அன்னைக்கு டல்லி டெல்லியிலயே இல்ல. பிரிட்டிஷ் இளவரசி ஆன் (Anne) சுற்றுப்பயணத்துக்காக முசூரிக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடி விசாரிச்சு செய்தி கொடுத்தது அவரோட சகா சதீஷ் ஜேக்கப். அமிர்தசரஸ் பத்தின புத்தகத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினாங்க. பேர் நிக்கிறது ஒருத்தருக்கு மட்டும்.

சுடுகஞ்சி:
இதத்தான் சொல்றேன்! அதைவிட எனக்கு ஆறாதது இன்னொண்ணு. 1991ல வந்த 'நோ ஃபுல் ஸ்டாப்ஸ் இன் இந்தியா' முன்னுரையில, சாதி கோடிக்கணக்கான பேருக்குப் பாதுகாப்பும் ஒரு சமூகமும் தருதுன்னு எழுதுறார். சாதியைத் திட்டுறது மேற்கத்திய மோகம் பிடிச்ச மேல்தட்டு ஆளுங்க வேலையாம். பெரியார் என்ன லண்டன்லயா படிச்சார்? டீக்கடையில தனி கிளாஸ்ல குடிச்சவன்கிட்ட போய், இது உனக்குப் பாதுகாப்புப்பான்னு சொல்லிப் பாருங்க. வெளியிலேர்ந்து வந்து ஊரை நேசிக்கிறவங்களுக்கு ஊர்ல இருக்கற எல்லாமே அழகாத்தான் தெரியும்.

சிற்றலை:
சாதி விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன். அவர் எழுதினது தப்புதான். ஆனா அதே புத்தகத்தை, தன் வீட்டுல வேலை செஞ்ச ஒரு தலித் மனுஷரோட கதையிலதான் ஆரம்பிக்கிறார். நேசம் கண்ணை மறைச்சுதுன்னா அயோத்தியில என்ன சொல்வீங்க? 1992 டிசம்பர் 6. கும்பல் மசூதி மேல பாயுறதைப் பாத்தார். அங்கேர்ந்து போன் பண்ண வழியில்ல. பக்கத்து ஊர் ஃபைசாபாத் போய் செய்தியை அனுப்பினார். பத்திரமா அங்கயே இருந்திருக்கலாம், ஆனா அயோத்திக்குத் திரும்பினார். "மார்க் டல்லி ஒழிக"ன்னு கத்தினவங்க கையில சிக்கி ஒரு அறையில அடைபட்டார். உள்ளூர் அதிகாரியும் ஒரு பூசாரியும் வந்துதான் வெளிய எடுத்தாங்க. அதே வருஷம்தான் பத்மஸ்ரீயும் வாங்கியிருந்தார்.

பழையபேப்பர்:
சொந்த ஆபீசையும் விடல. 1993ல பிபிசி தலைவர் ஜான் பர்ட்டோட நிர்வாகம் பயமுறுத்தி நடக்குதுன்னு மேடையிலயே சொல்லிட்டு, அடுத்த வருஷம் வேலையை விட்டார். பிபிசி டெல்லி ஆபீசுக்கு இருபது வருஷத்துக்கு மேல தலைவர். லண்டனுக்கு மூட்டை கட்டாம டெல்லி நிஜாமுதீன்லயே தங்கிட்டார்.

சுடுகஞ்சி:
தைரியசாலி, ஒத்துக்கறேன். பிரிட்டிஷ் ராணி 'சர்' கொடுத்தாங்க, நாம பத்மபூஷண் கொடுத்தோம், அதுவும் சரி. ஒரே ஒரு கேள்வி. சதீஷ் ஜேக்கப் பேரைக் கேட்டு உங்கப்பா என்னைக்காவது ரேடியோவைத் தூக்கியிருக்காரா?

சிற்றலை:
இப்பதான் போன் போட்டுக் கேட்டேன். "அது யாருடா?"ன்னார்.