மொட்டை மாடியில் என்ன நடலாம்?

*சனிக்கிழமை*

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது, காய்கறித் தோட்டம் போடலாம் என்று இருக்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, சுரை, பாகல், பீர்க்கை, முள்ளங்கி, கேரட், நாலைந்து கீரை. இன்றைக்கே விதை வாங்கிவிடட்டுமா அத்தை?

தம்பி: எதை விட்டாலும் கேரட்டை விட்டுவிடாதே சின்னக்கா 🥕

அத்தை: ரொம்ப சந்தோஷம்மா. விதையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒன்று சொல், மாடியில் வெயில் எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை விழுகிறது?

நான்: மாடிதானே அத்தை, நாள் முழுக்க வெயில்தான்.

அத்தை: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? கைப்பிடிச் சுவர் இருக்கிறது. பக்கத்து வீடு உங்கள் வீட்டைவிட உயரம். எல்லாமே நிழல் போடும். நாளைக்குக் காலை எட்டு, பதினொன்று, இரண்டு, மூன்றரை என்று நாலு தடவை மேலே போய், ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து இங்கே போடு. காய்க்கிற செடி எதுவானாலும் நேர் வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். கீரை, புதினா, மல்லித்தழை எல்லாம் 4 மணி நேரத்திலும் வந்துவிடும். வெயில் போதாத இடத்தில் தக்காளியை வைத்தால் செடி நெடுநெடுவென்று வளரும், பூ எடுக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவோம். அது இன்னும் இலையைத்தான் விடும்.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய் தங்கச்சி. இன்னொன்றும் உண்டு. சூரியன் போகிற பாதை வருஷத்தில் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கும். இப்போது வெயில் அடிக்கிற மூலை ஆறு மாதம் கழித்து நிழலாகிவிடலாம்.

மாமா: பளுவையும் யோசிக்க வேண்டும். வெறும் மண் நனைந்தால் ஒரு கன மீட்டர் 2 டன்னை நெருங்கும். 20 லிட்டர் பையில் அதை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 35 கிலோவுக்குக் குறையாது. பைகளை மாடி நடுவில் கும்பலாக வைக்காதே. கீழே சுவரோ உத்தரமோ போகிற கோட்டின் மேல், ஓரமாக வரிசையில் வை. பழைய கட்டடம் என்பதால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடு. தண்ணீர் வடிகிற வாட்டத்தையும் மறிக்காதே.

அக்கா: பைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தரை காய்ந்து கிடக்கும். பையின் துளையும் அடையாது.

*ஞாயிற்றுக்கிழமை*

நான்: [படம்] [படம்] [படம்] [படம்]

நான்: அத்தை, நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது. தொட்டிக்கு மேற்கே பாதி மாடி பதினொரு மணி வரை நிழலில் இருக்கிறது. மூன்றரைக்கெல்லாம் பக்கத்து வீட்டு நிழல் எங்கும் பரவிவிடுகிறது. வாசல் பக்கச் சுவரோரம் மட்டும் எட்டு மணியிலிருந்து மூன்றரை வரை நல்ல வெயில்.

அத்தை: அவ்வளவுதான், தோட்டத்தில் பாதி வேலை முடிந்தது. வாசல் பக்கத்துக்கு ஏழரை மணி நேரம். காய்கறி எல்லாம் அங்கே. தொட்டிப் பக்கத்துக்கு நாலரை மணி நேரம். அது கீரைக்கு.

இப்போது பட்டியல். முதல் தடவைக்கு முளைக்கீரை, முள்ளங்கி, வெண்டை, மிளகாய், ஒரே ஒரு சுரைக்கொடி. போதும். கீரை 25, 30 நாளில் பறிக்கலாம். முள்ளங்கி ஒன்றரை மாதத்துக்குள் வரும். வெண்டை அந்த நேரத்தில் காய்க்கத் தொடங்கும். ஒன்று முடிய இன்னொன்று கைக்கு வந்துகொண்டே இருந்தால்தான் மாடி ஏறுகிற ஆசை குறையாது.

தம்பி: தக்காளி? கேரட்?

அத்தை: தக்காளி அடுத்த முறை, கொஞ்சம் குளிர்ந்த பிறகு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காவிட்டால் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேரட்டுக்கும் குளிர்ச்சி வேண்டும். ஒரு அடி ஆழத்துக்குக் கல் இல்லாத பொலபொலப்பான மண்ணும் வேண்டும். கல் தட்டினால் கிழங்கு இரண்டாகப் பிளந்து வளரும்.

நான்: எந்த அளவுப் பை வாங்குவது?

அக்கா: கீரைக்கு அரை அடி ஆழம் போதும், அகலம்தான் முக்கியம். முள்ளங்கி, வெண்டை, மிளகாய்க்கு ஒரு அடி. சுரைக்கு ஒன்றரை அடி, 50 லிட்டருக்குக் குறையாமல். பழைய வாளியும் ஆகும். பூச்சிமருந்து, பெயிண்ட் இருந்த டப்பா மட்டும் வேண்டாம். எதுவானாலும் அடியில் துளை வேண்டும்.

நான்: மண் கலவை?

அத்தை: மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு.

பெரியப்பா: நார்க்கழிவு எதற்கு? அதில் சத்து ஒன்றும் கிடையாது. மண்ணும் எருவும் போட்டால் ஆகாதா?

அத்தை: தரையில் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி அண்ணா. அங்கே மண்புழுவும் வேரும் மண்ணைத் திறந்துவிடும். பைக்குள் வெறும் மண்ணைப் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்தில் இறுகிவிடும். வேருக்குக் காற்று போகாது. நார்க்கழிவைச் சத்துக்காகப் போடவில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்ணைத் தளர்வாக வைக்கும், பளுவும் குறையும். அதில் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

பெரியப்பா: பளுவுக்காக என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நன்றாக மக்கியதா என்று பார்த்து வாங்கம்மா. மூட்டைக்குள் கையை விட்டுப் பார். சூடாக இருந்தால் வேண்டாம். மூக்கைத் துளைக்கிற வாடை வந்தாலும் வேண்டாம். கையில் எடுத்தால் உதிர வேண்டும், மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும், வைக்கோல் எது சாணி எது என்று பிரித்துச் சொல்ல முடியக்கூடாது. பச்சை எரு பைக்குள் மக்கத் தொடங்கினால் அந்தச் சூட்டில் வேர் கருகிவிடும். கலந்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் ஈரமாக வைத்திருந்து அப்புறம் விதை போடு.

நான்: காத்திருப்பதுதான் கஷ்டம் பெரியப்பா. ஆனாலும் செய்கிறேன்.

*விதைக்கிற நாள்*

நான்: கலவை தயார். விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது?

அக்கா: விதையின் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு. வெண்டைக்கு விரலின் முதல் கணுவில் பாதி. இன்று இரவு ஊறவைத்து நாளைக்குக் காலையில் பையிலேயே நேராக ஊன்றிவிடு. வெண்டைக்கு ஆணிவேர் நேரே இறங்கும், பிடுங்கி நட்டால் சுணங்கிவிடும். முள்ளங்கியும் அப்படித்தான். கீரை விதை பொடி, மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மேலே மண் போட்டு மூட வேண்டாம், லேசாகத் தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும்.

அத்தை: மிளகாயைக் குழித்தட்டில் போடு. முளைக்க 8 நாளிலிருந்து 2 வாரம் வரை ஆகும், பயப்படாதே. ஐந்தாறு இலை வந்ததும் மாற்றி நடலாம், மாலை வேளையில். நாற்றுக்குத் தண்ணீர் அளவாக இருக்கட்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் இற்று, நாற்று அப்படியே சாய்ந்துவிடும்.

தம்பி: தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னுடையது.

அத்தை: வேளைக் கணக்கு வேண்டாம்டா தங்கம். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடு. ஈரம் பட்டால் விட்டுவிடு. காய்ந்திருந்தால் அடியில் தண்ணீர் கசிகிற வரை ஊற்று. உச்சி வெயிலில் இலை துவண்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது தாகம் இல்லை. காலையிலேயே துவண்டு கிடந்தால் உடனே மண்ணைத் தொட்டுப் பார். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் துவண்டால் வேரில் கோளாறு. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும்.

*சில வாரங்கள் கழித்து*

நான்: [படம்]

நான்: வெண்டை இலையின் அடியில் பச்சையாகப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலை சுருண்டிருக்கிறது, தொட்டால் பிசுபிசுப்பு. தண்டில் எறும்பு வரிசை.

பெரியப்பா: அசுவினி. எறும்பு ஏறினாலே இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசுவினி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாகக் கழிக்கும், எறும்பு அதைக் குடிக்க வரும். குடிப்பதோடு நில்லாமல், அசுவினியைத் தின்ன வருகிற பூச்சியையும் விரட்டிவிடும். உரம் ஏதாவது போட்டாயா?

நான்: தம்பி யூரியா கொஞ்சம் போடலாமா என்று கேட்டான், நான் வேண்டாம் என்றேன்.

பெரியப்பா: நல்லது. தழைச்சத்து மிஞ்சி இலை கொழுகொழுவென்று ஆனால் அசுவினி பெருகும். வேப்பெண்ணெய் 5 மில்லி, தண்ணீர் 1 லிட்டர். எண்ணெயில் முதலில் சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் குழைத்துக்கொள், இல்லாவிட்டால் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடி. வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும்.

அத்தை: கொஞ்சம் பொறுங்கள் அண்ணா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் நடு நரம்புக்குப் பக்கத்தில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலைபோல ஒன்று இருக்கிறது பாருங்கள்.

தம்பி: அதை நசுக்கிவிடத்தான் போனேன்!

அத்தை: ஐயோ, நசுக்காதேடா! அது பொறிவண்டின் புழு. வளர்ந்தால் சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்து வரும் அந்த வண்டுதான். புழுவாக இருக்கும்போதே நாள் முழுக்க அசுவினியைத்தான் தின்னும். அது இருக்கிற இலையை அப்படியே விட்டுவிடு. மற்ற இலைகளின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சு. கீழே விழுகிற அசுவினி பெரும்பாலும் திரும்ப ஏறாது. எறும்பு ஏறாதபடி பையை ஒட்டி நிற்கிற கொடி, குச்சி எல்லாவற்றையும் விலக்கு. ஒரு வாரம் பார்க்கலாம். அடங்காவிட்டால் அண்ணா சொன்ன வேப்பெண்ணெய், புழு இல்லாத செடிக்கு மட்டும்.

பெரியப்பா: என் கண்ணுக்கு அது படவே இல்லை தங்கச்சி. அப்படியே செய்யட்டும்.

*அடுத்த வாரம்*

நான்: அசுவினி நன்றாகக் குறைந்துவிட்டது. பொறிவண்டு இப்போது நாலைந்து இருக்கிறது. கீரை ஒரு முறை பறித்தாயிற்று. சுரையில்தான் குழப்பம். இரண்டு வாரமாகப் பூ பூத்து உதிர்ந்தது. இப்போது பிஞ்சு வருகிறது, விரல் அளவில் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. சத்துக் குறைவா?

அக்கா: எனக்குத் தெரிந்து மகரந்தம் சேரவில்லை. கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு அப்படியே மஞ்சளாகி விழும்.

நான்: மாடிக்குத் தேனீ வருகிறதே?

அத்தை: தேனீ பகலில் வருகிறது, சுரைப்பூ சாயங்காலம் விரிகிறது. அந்தி, இரவு வேளையில் வருகிற அந்துப்பூச்சிதான் அதற்கு ஆள். மாடிக்கு அது போதுமான அளவு வராமல் இருக்கலாம். நாமே செய்துவிடலாம். இருட்டத் தொடங்கும்போது மேலே போ. அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறி. வெள்ளை இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டால் நடுவில் மஞ்சள் தூளோடு ஒரு தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கிற பிசுபிசுப்பான மேட்டின் மேல் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவு. ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும்.

அக்கா: பீர்க்கையும் மாலையில்தான் விரியும். பாகல், பூசணி காலையில். அடுத்து அவற்றைப் போடும்போது நேரத்தைப் பார்த்துக்கொள்.

தம்பி: இன்றைக்கு டார்ச் பிடிக்க நான் வருகிறேன்.

*மூன்று நாள் கழித்து*

நான்: [படம்]

நான்: தடவின இரண்டில் ஒன்று நிமிர்ந்திருந்த தலையைக் கவிழ்த்துக்கொண்டு பெருக்கத் தொடங்கிவிட்டது! இன்னொன்று மஞ்சளாகிவிட்டது.

அத்தை: அது போதும்மா. கொடி தாங்குகிற அளவுக்குத்தான் வைத்துக்கொள்ளும். தலை கவிழ்ந்தது நல்ல அறிகுறி. காயைப் பந்தலோடு துணியில் கட்டிவிடு, பளு காம்பில் விழாது.

நான்: இந்தக் காயையே முற்ற விட்டு விதை எடுத்துக்கொள்ளலாமா?

பெரியப்பா: பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகம் என்று போட்டிருக்கிறதா பார். அப்படி இருந்தால் அந்த விதையில் வருவது தாயைப்போல இருக்காது. நாட்டு ரகம் என்றால் எடுக்கலாம். அதிலும் சுரைக்கு அக்கம்பக்கத்துச் சுரையின் மகரந்தம் கலந்துவிடலாம். விதைக்கென்று விடுகிற பெண் பூவை, விரிவதற்கு முன்பே மாலையில் மெல்லிய துணியால் மூடி, உன் கொடியின் ஆண் பூவைத் தடவி, திரும்ப மூடிவிட வேண்டும்.

நான்: வீரிய ஒட்டு என்றுதான் போட்டிருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா: அப்படியானால் இதைச் சமையலுக்குப் பறித்துவிடு. நகத்தால் அழுத்தினால் தோலில் பதிகிற பருவத்தில் பறிக்க வேண்டும். என்னிடம் நாட்டுச் சுரை விதை இருக்கிறது, வருகிறபோது கொண்டுவருகிறேன்.

அத்தை: வெண்டையை இரண்டு நாளைக்கு ஒரு தடவை பறிக்கிறாயா? செடியில் காய் முற்றினால் புதுப் பூ குறைந்துவிடும். படத்தில் பின்னால் ஒன்று நீளமாகத் தொங்குகிறது பார்.

தம்பி: மேலேதான் இருக்கிறேன் அத்தை, பறித்துவிட்டேன்.